அரைப்புள்ளி

புள்ளி வரிக்கு ஆள் வந்தபோது
நான் உள்ளறையில்
கதவை ஒருக்களித்துவிட்டு
உள்ளங்கை அகலக் கன்சோலில்
நாற்பது வருடத்துப் பழைய கணினி ஒன்றைக்
கிளப்பிக்கொண்டிருந்தேன்.

கேசட் கிடையாது.
கேசட்டின் அலறல் மட்டும் இருக்கிறது.
திரையோரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாய்த் தடித்த கோடுகள்,
பிறகு மஞ்சளும் நீலமுமாய், நெருக்கமாக.

"ஆச்சி, உள்ள என்னமோ கீச்சுங்குதே, மிக்ஸியா?"
"கம்ப்யூட்டர்."
"அப்படியா" என்று
பேரேட்டைப் பிரித்தார் பஞ்சநதம்.

ஒரே நொடியில் ஏற்றிவிடும் வசதியும் உண்டு.
அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.
நாலரை நிமிடம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க
பள்ளத்தூரில் இதைவிட நல்ல சாக்கு
எனக்குக் கிடைத்ததில்லை.

விளையாட்டில் மூன்று உயிரும் சீக்கிரமே போயின.
வெற்றுத் திரைக்கு வந்தேன்.

இதில் விசைப்பலகை இல்லை.
திரையில் ஒன்று விரியும்,
திசைப்பொத்தானால் எழுத்தெழுத்தாக நடக்க வேண்டும்.
க்யூவிலிருந்து பி-க்கு ஒன்பது அடி.
போய்ச் சேர்ந்து பி-யைத் தொட்டால்
பிரிண்ட் என்று முழுச்சொல்லும் தானே வந்து விழும்.
வாயெடுக்குமுன் புரிந்துகொள்ளும் மெஷின்.
என்னோடு இருந்தவர் அப்படியில்லை,
மூன்றுதரம் சொல்ல வேண்டும், பிறகும் "என்ன?" என்பார்.

வெளியே பட்டியல் ஓடுகிறது.
"மூத்தவுக, ஒரு புள்ளி.
சிங்கப்பூர் சாத்தப்பன், ஒரு புள்ளி.
சின்னவருக்குப் போன தையில கல்யாணம்,
புதுப்புள்ளி, இனிப்பு இன்னும் வரலை.
உமையாளாச்சி..."

கொஞ்சம் இருமினார்.

"அரைப்புள்ளி."

கட்டிக்கொண்ட இருவர் சேர்ந்து ஒன்று.
ஒருவர் போனால் இருப்பவர் பாதி.
வரியும் பாதிதான், கணக்கில் பிசகில்லை.
நாச்சியப்பன் போய்ப் பதினாலு மாதம்.
மீதி அரையை எந்தப் பக்கத்தில்
பற்று எழுதினார்கள் என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

கையிலிருக்கும் இந்தத் திரைக்கு
நாற்பத்தொன்பதாயிரத்து நூற்றைம்பத்திரண்டு புள்ளி.
எண்ணவில்லை, பெருக்கினேன்.
ஒன்றுகூட அரை இல்லை.
எரியும், இல்லையென்றால் எரியாது.
நிறத்தில்தான் தகராறு.
எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்கு இரண்டே நிறம்,
சிவப்புச் சட்டைக்காரன் பக்கத்தில் வந்து நின்றால்
பச்சை மரமும் சிவந்துபோகும்.
பங்காளிகளோடு ஒரே வளவில் இருந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டாம்.

அரைப்புள்ளி அடிப்பதற்கு
இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
ஒன்றைத் தோள்பொத்தானில் கட்டிவைத்திருக்கிறேன்,
இன்னொன்றுக்கு நடந்துதான் போக வேண்டும்.
கையேட்டில் அதைப்பற்றி ஒரே வரி:
கடைசியில் அது இல்லாவிட்டால்
அடுத்தது அடுத்த வரிக்குப் போய்விடும்.
இருந்தால்
அதே வரியில், ஒட்டியபடி, தொடரும்.

பத்து, பிரிண்ட், என் பெயர், அரைப்புள்ளி.
இருபது, கோட்டூ பத்து.
தமிழ் அதற்குத் தெரியாது,
இங்கிலீஷில் ஆறெழுத்தாகப் போட்டேன்.

ஓடவிட்டேன்.
வரிக்கு முப்பத்திரண்டு கட்டம்.
ஐந்து உமையாள் போக மிச்சம் இரண்டு.
ஆறாவது உமையாள் விளிம்பில் உடைந்து
கீழ்வரியில் பாக்கியோடு எழுந்திருக்கிறாள்.
இப்படியே வரிக்கு வரி நகர்ந்து
திரை முழுக்கச் சாய்வாக இறங்கிக்கொண்டு
நான், நான், நான்.
இடைவெளி விட மறந்திருந்தேன்.
திருத்தப் போகவில்லை.

இருபத்திரண்டாம் வரியில் நின்று
அடியில் சின்னதாகக் கேட்டது:
ஸ்க்ரோல்?

"ரசீது போட்டுறவா ஆச்சி?" இது பஞ்சநதம்.

வேண்டாம் என்பதற்கு இதில் தனி விசை உண்டு,
அதை எந்தப் பொத்தானுக்கும் நான் கொடுக்கவில்லை.
மற்றபடி எதைத் தொட்டாலும் சரி என்றே எடுத்துக்கொள்ளும்.
கட்டைவிரல் எங்கேயோ பட்டது.
மறுபடி இறங்கினேன், இருபத்திரண்டு வரி.

பேட்டரி ஆறு சதவீதம்.
சார்ஜர் வெளியறையில்,
பஞ்சநதம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால்.